ஏவுகணையைத் தடுக்க பேங்க் அக்கவுண்டை ஏன் முடக்குறாங்க?

போன மாசம் என் கிளையண்ட் ஒருத்தர் போன் பண்ணார். ஃப்ரீலான்ஸா டிசைன் வேலை பார்க்கிற தம்பி. துபாய் கம்பெனி ஒன்று அனுப்பிய 1,840 டாலர் ஒன்பது நாளா வந்து சேரல. நடுவுல இருக்கிற ஒரு வங்கி பணத்தைப் பிடிச்சு வச்சுக்கிட்டு, "அனுப்பினவங்க யார், எதுக்காக இந்தப் பணம்?" என்று கேட்டிருந்தது. "அண்ணா, ஒரு லோகோ போட்டுக் கொடுத்ததுக்கு என்னைக் கடத்தல்காரன் மாதிரி விசாரிக்கிறாங்க"ன்னு புலம்பினார். விசாரித்தால், அந்தக் கம்பெனி பெயர் தடைப்பட்டியலில் இருக்கும் வேறொரு பெயரோடு ஒத்துப்போயிருக்கு. அவ்வளவுதான் விஷயம்.

யாரோ ஒரு நாடு ஏவுகணை செய்வதற்கும் நம்ம தம்பியின் 1,840 டாலருக்கும் என்ன சம்பந்தம்? இதைப் புரிஞ்சுக்க 2005-ல் மக்காவில் நடந்ததைப் பார்த்தால் போதும்.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன அக்கவுண்டிங் பாடம். வெளிநாட்டிலிருந்து உங்களுக்கு டாலர் "வருது"ன்னு சொல்றோம். உண்மையில் எந்த நோட்டும் விமானம் ஏறி வர்றதில்ல. உங்க வங்கிக்கு நியூயார்க்கில் இருக்கிற ஒரு வங்கியில் கணக்கு இருக்கும். அனுப்புகிறவரின் வங்கிக்கும் அங்கே ஒரு கணக்கு இருக்கும். ஒன்றில் பற்று, இன்னொன்றில் வரவு. முடிஞ்சது. உலகத்தின் பெரும்பாலான டாலர் பரிமாற்றம் இப்படி அமெரிக்க வங்கிகளின் லெட்ஜர் வழியாகத்தான் போகுது. அந்த லெட்ஜரில் உங்களுக்கு இடம் இல்லைன்னா, டாலர் உலகத்தில் நீங்களே இல்லை.

பாங்கோ டெல்டா ஆசியா என்பது மக்காவில் இருந்த ஒரு சின்னக் குடும்ப வங்கி. 2005 செப்டம்பர் 15 அன்று அமெரிக்க நிதித்துறை, தன் தேசபக்திச் சட்டத்தின் 311-வது பிரிவின் கீழ் இந்த வங்கியைப் பணமோசடிக் கவலைக்குரியதாக அறிவித்தது. வட கொரியாவின் கள்ள டாலர் உள்ளிட்ட சட்டவிரோதப் பணத்தை இந்த வங்கி புழங்க விட்டது என்பது குற்றச்சாட்டு. அமெரிக்க வங்கிகள் இதோடு கணக்கு வைக்கக் கூடாது என்ற விதியை அன்று முன்மொழியத்தான் செஞ்சாங்க, இன்னும் அமலுக்கு வரல. ஆனாலும் சில நாட்களில் டெபாசிட்டில் சுமார் மூன்றில் ஒரு பங்கை மக்கள் எடுத்துட்டுப் போயிட்டாங்க. மக்காவ் அரசு நிர்வாகத்தைக் கையில் எடுத்தது. வட கொரியா சம்பந்தப்பட்ட சுமார் 2.5 கோடி டாலர் முடங்கியது.

ஒரு நாட்டுக்கு 2.5 கோடி டாலர் பெரிய தொகையே இல்ல. வலி வேற இடத்தில். மற்ற நாட்டு வங்கிகள், யாரும் சொல்லாமலேயே, வட கொரியக் கணக்குகளை மூட ஆரம்பிச்சாங்க. "அடுத்தது நாமா இருந்துட்டா?" என்ற பயம். சட்டத்தை விட அந்தப் பயம்தான் அதிகம் வேலை செஞ்சது.

சரி, ஏவுகணை நின்னுச்சா? இல்ல. வட கொரியா பேச்சுவார்த்தையைப் புறக்கணித்தது. 2006 ஜூலையில் ஏழு ஏவுகணைகளை ஏவியது, அக்டோபர் 9 அன்று முதல் அணுகுண்டு சோதனையும் செய்தது. ஐந்தே நாளில் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் 1718-வது தீர்மானத்தை நிறைவேற்றியது: ஏவுகணைப் பாகங்களுக்குத் தடை, அந்தத் திட்டத்தில் இருப்பவர்களின் சொத்து முடக்கம். ஆடம்பரப் பொருட்களுக்கும் தடை.

இந்தக் கதையில் எனக்குப் பிடிச்ச இடம் இனிமேதான். 2007-ல் சமரசம் வந்து, பணத்தைத் திருப்பித் தரலாம்னு அமெரிக்காவே சம்மதிச்சது. ஆனா அந்தப் பணத்தைத் தொட எந்த வங்கியும் தயாரா இல்ல! பேங்க் ஆஃப் சைனா மறுத்துடுச்சு. மாசக்கணக்கில் இழுத்து, கடைசியில் ஜூன் மாதம் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கி, ரஷ்ய மத்திய வங்கி, அங்கிருந்து ஒரு ரஷ்யத் தனியார் வங்கி என்று சுற்றித்தான் போய்ச் சேர்ந்தது. தடை போடுவது ஒரு கையெழுத்து. அதை எடுப்பது அப்படி இல்ல.

தடைகள் பலன் தருதான்னு கேட்டா, தாமதப்படுத்தும், செலவைக் கூட்டும் என்பேன். நம்ம நாட்டு உதாரணமே இருக்கு. கிரையோஜெனிக் இன்ஜின் தொழில்நுட்பம் ஏவுகணைக்கு உதவும்னு சொல்லி 1992-ல் இஸ்ரோ மேலும் ரஷ்யாவின் கிளாவ்காஸ்மாஸ் மேலும் அமெரிக்கா இரண்டு வருடத் தடை போட்டது. ரஷ்யா தொழில்நுட்பத்தைத் தராமல் இன்ஜினை மட்டும் விற்றது. நம்ம சொந்த இன்ஜின் 2014 ஜனவரியில்தான் வெற்றிகரமா பறந்தது. இருபது வருஷம் தள்ளிப்போச்சு, ஆனா வந்துடுச்சு.

வட கொரியா வங்கியைச் சுற்றிப்போகும் வழியைக் கண்டுபிடிச்சது. 2025 பிப்ரவரியில் பைபிட் கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் திருடு போனது சுமார் 150 கோடி டாலர். வட கொரியாதான் செய்தது என்று எஃப்.பி.ஐ. அறிவித்தது. மக்காவில் முடங்கிய தொகையைப் போல 60 மடங்கு, ஒரே திருட்டில்.

இன்னொரு வழி சம்பளம். ஆமாங்க, மாசச் சம்பளம். பொய் அடையாளத்தில் அமெரிக்கக் கம்பெனிகளில் வொர்க் ஃப்ரம் ஹோம் ஐ.டி. வேலை வாங்கி, அந்தச் சம்பளத்தை நாட்டுக்கு அனுப்புறாங்க. கம்பெனி லேப்டாப்களைத் தன் வீட்டில் வச்சு ஓட்டிக்கொடுத்த அரிசோனா பெண் ஒருவருக்கு 2025 ஜூலையில் எட்டரை வருடச் சிறை. முன்னூறுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் ஏமாந்த வழக்கு அது.

அதனால "உங்க ப்ரொஃபைலை வாடகைக்குக் கொடுங்க, இன்டர்வியூ நாங்க பார்த்துக்கிறோம், மாசம் இவ்வளவு தர்றோம்"னு டெலிகிராமில் யாராவது கேட்டா, பிளாக் பண்ணிடுங்க. அக்கவுண்டை வாடகைக்குக் கேட்டாலும் அதே பதில்தான். இந்தியாவிலும் பேரழிவு ஆயுதங்கள் சட்டத்தை 2022-ல் திருத்தியிருக்காங்க. ஆயுதத்துக்கு மட்டுமில்ல, ஏவுகணை மாதிரி அதைச் சுமந்து போகும் சாதனத்துக்கு நிதி கொடுப்பதும் இப்போ குற்றம். முடக்கும் அதிகாரம் மத்திய அரசுக்கு இருக்கு.

நம்ம தம்பி விஷயத்துக்கு வருவோம். இன்வாய்ஸ், வேலை ஒப்பந்தம், துபாய் கம்பெனியின் டிரேட் லைசென்ஸ், மெயில் உரையாடல் எல்லாத்தையும் ஒரே பி.டி.எஃப்.-ஆ ஆக்கி, அவருடைய வங்கிக் கிளை மூலமா அனுப்பினோம். அவர் இன்வாய்ஸில் "சர்வீஸ்"னு ஒரே வார்த்தைதான் போட்டிருந்தார். "லோகோ டிசைன், மூன்று வடிவம்"னு மாத்தி எழுத வச்சேன். நாலு நாள் கழிச்சு பணம் வந்தது, நடுவங்கி 25 டாலர் கட்டணம் பிடிச்சது போக.