சுழலும் குழியில் வெப்பம்

லிந்துலை லயத்து அடுப்புப் புகை கூரையை நாடுவதை நாம் நாளும் காண்கின்றோம். சூடேறிய காற்று இலேசாகி மேலெழும். விமான எஞ்சினின் காற்றமுக்கியுள், சுழலும் இரு வட்டுகளுக்கிடையேயுள்ள குழியில் 'மேல்' என்பது யாது? நடு அச்சே! (பௌதிக ஆசிரியர் பொறுத்தருள்க.) வட்டுகள் நிமிடத்துக்கு 10,000 முறை சுழலின், அச்சிலிருந்து 20 சென்ரிமீற்றர் தொலைவில் ஒரு கிராம் காற்றும் 22 கிலோ எடைபோல் வெளிநோக்கி அழுந்தும். எனவே நடுவே பாயும் குளிர்காற்று விளிம்புக்கு ஓட, விளிம்பிற் சூடேறிய காற்று அச்சை நோக்கித் திரும்புகின்றது. இவ்வோட்டம் ஓயாது குழம்புவது. கணக்குக்கு எளிதில் அடங்காது. ஆதலின் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஓவனும் உடனாய்வாளரும் சுழலும் வட்டுகளிலேயே வெப்பத்தை அளந்து, 1992இல் முடிவுகளை வெளியிட்டனர். வட்டு சூடேறினால் விரியும். அலகு நுனி உறையில் உராயும். அதற்கஞ்சி இடைவெளியைக் கூட்டினாலோ, காற்றுக் கசிந்து எரிபொருள் வீணாகும்.