மனநோய்: வரையறை முதல் சிகிச்சை வரை

ஒரு நாட்டின் வளர்ச்சியை உணவு உற்பத்தி, மின்சாரம், எழுத்தறிவு, குழந்தை இறப்பு விகிதம் ஆகியவற்றைக் கொண்டு அளப்பது வழக்கம். மக்களின் மனநலம் இந்த அளவுகோல்களில் நெடுங்காலம் இடம்பெறவில்லை. பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனம் 2015-16இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு இக்குறையின் ஆழத்தைக் காட்டிற்று. ஆய்வுக் காலத்தில் வயது வந்தோருள் 10.6 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறுக்கு ஆளாகியிருந்தனர். நோயின் வகைக்கேற்ப, அவர்களுள் 70 முதல் 92 சதவீதம் பேர் உரிய சிகிச்சை பெறாதவர்கள். மருந்துகளும் முறைகளும் இருந்தும் இத்தனை பேர் விடுபட்டது ஏன்? மனநோயை எவ்வாறு வரையறுப்பது, கண்டறிவது, விளக்குவது, குணப்படுத்துவது என்னும் நான்கு வினாக்களையும் ஒரே சங்கிலியின் கண்ணிகளாகக் கொண்டு ஆராய்ந்தால்தான் இதற்கு விடை கிடைக்கும்.

எது மனநோய்?

உளவியல் இதற்குப் பல அளவுகோல்களைக் கையாண்டுள்ளது. பெரும்பாலோரிடம் காணப்படாத நடத்தையே நோய் என்பது ஒன்று. ஆனால் மேதைமையும் அரிதே, அது நோயாகாது. மனச்சோர்வோ பரவலாகக் காணப்படுவது. எனினும் அது நோயே. சமூக வழக்கத்தை மீறுவது நோய் என்பது மற்றொன்று. இது அபாயகரமான அளவுகோல். ஒருபால் ஈர்ப்பு இந்த அடிப்படையிலேயே நோய்ப் பட்டியலில் வைக்கப்பட்டிருந்தது. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1973இலும், உலக சுகாதார நிறுவனம் 1990இலும் அதனை நீக்க நேர்ந்தது. துன்பமே நோயின் அடையாளம் என்பதும் முழுமையன்று. உற்றாரை இழந்தவரின் துயரம் நோயன்று. மிகைக் கிளர்ச்சி நிலையில் உள்ளவரோ துன்பத்தையே உணர்வதில்லை.

எனவே துன்பம், அன்றாடச் செயல்திறன் குன்றுதல், தனக்கோ பிறர்க்கோ நேரும் தீங்கு ஆகியவற்றைச் சேர்த்தே எடைபோடும் வழக்கம் நிலைபெற்றது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் இவ்வழியையே பின்பற்றுகிறது. சிந்தனை, மனநிலை, புலனறிவு, நினைவு முதலியவற்றில் ஏற்படும் கணிசமான கோளாறு ஒருவரது தீர்மானிக்கும் ஆற்றலையோ வாழ்க்கைத் தேவைகளைச் சமாளிக்கும் திறனையோ பெரிதும் பாதிக்கும்போது அது மனநோயாகிறது. ஒருவரின் அரசியல், பொருளாதார, சமூக நிலையையோ, சமூக ஒழுக்க நெறிகளுக்கு அவர் இணங்காமையையோ காரணமாகக் காட்டி அவரை மனநோயாளி எனத் தீர்மானிக்கலாகாது என்றும் அச்சட்டம் விதிக்கிறது. மருத்துவமனையில் சேர்ப்பு, காப்பீடு, சொத்துரிமை ஆகியவை இந்த வரையறையைச் சார்ந்திருத்தலால், இது ஏட்டளவிலான விவாதம் அன்று.

கண்டறியும் முறை

காசநோய்க்குச் சளிப் பரிசோதனை உண்டு. மனச்சிதைவுக்கு அத்தகைய பரிசோதனை இல்லை. நோயாளியுடன் நிகழ்த்தும் உரையாடல், குடும்பத்தார் தரும் விவரம், அறிகுறிகள் நீடித்த காலம் ஆகியவையே ஆதாரம். தைராய்டுச் சுரப்புக் குறைவு மனச்சோர்வைப் போலவும், மூளைக் காய்ச்சல் சித்தப்பிரமையைப் போலவும் தோன்றக்கூடும். ஆதலால் உடல் நோய் இல்லை என உறுதி செய்வது முதற்படியாகும்.

ஆதாரம் உரையாடலாக இருக்கையில் மருத்துவருக்கு மருத்துவர் முடிவு மாறுபடும். நியூயார்க்கிலும் லண்டனிலும் நடத்தப்பட்டு 1972இல் வெளியான ஓர் ஒப்பாய்வு, ஒரே தன்மையுடைய நோயாளிகளுக்கு அமெரிக்க மருத்துவர்கள் மனச்சிதைவு என்னும் பெயரை மிகுதியாகச் சூட்டியதை வெளிப்படுத்திற்று. உலக சுகாதார நிறுவனம் 1960களின் பிற்பகுதியில் ஆக்ரா உள்ளிட்ட ஒன்பது நகரங்களில் ஒரேவகை வினாநிரலைக் கொண்டு மனச்சிதைவை ஆராய்ந்தது. பண்பாடுகள் வேறுபட்டாலும் இந்நோயை ஒரே முறையில் இனங்காண இயலும் என்பது அதனால் விளங்கிற்று. அமெரிக்கச் சங்கம் 1980இல் வெளியிட்ட மூன்றாம் கையேடு ஒவ்வொரு நோய்க்கும் அறிகுறிகளின் எண்ணிக்கையையும் கால அளவையும் நிர்ணயித்தது. எடுத்துக்காட்டாக, மனச்சோர்வு எனக் கொள்ள அறிகுறிகள் குறைந்தது இரண்டு வாரம் நீடித்திருத்தல் வேண்டும்.

ஆயினும் கையேடு மட்டும் போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வரும் மனச்சோர்வாளர் பலர் ‘மனம் சரியில்லை’ என்று சொல்வதில்லை. உடல்வலி, அசதி, தூக்கமின்மை, பசியின்மை என்றே முறையிடுகின்றனர். வைட்டமின் மாத்திரையோடு அவர்களைத் திருப்பி அனுப்பும் ஒவ்வொரு முறையும் சிகிச்சை இடைவெளி விரிகிறது. தூக்கம், ஆர்வம், உயிர்வாழும் விருப்பம் ஆகியவை பற்றிக் கேட்கப்படும் இரண்டு மூன்று கேள்விகள் அவ்விடைவெளியைக் குறைக்கக்கூடியவை.

காரணங்கள்

மனநோய்க்கு ஒரே காரணம் தேடும் முயற்சி ஒருமுறை பெருவெற்றி கண்டது. மனநோய் விடுதிகளை நிரப்பிய ஒருவகைப் பக்கவாதப் பித்து, மேகநோய்க் கிருமி மூளையைத் தாக்குவதால் விளைவது என 1913இல் மெய்ப்பிக்கப்பட்டது. பின்னர் பெனிசிலின் அதனைக் கட்டுப்படுத்திற்று. பிற நோய்களில் அத்தகைய தனிக் காரணம் அகப்படவில்லை. உருவொத்த இரட்டையருள் ஒருவருக்கு மனச்சிதைவு ஏற்பட்டால் மற்றவருக்கும் ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியளவே. மரபணுவே முழுக் காரணமெனில் அது நூறு சதவீதமாக இருத்தல் வேண்டும். மரபணுவுக்குப் பங்கே இல்லையெனில் அது இத்துணை உயர்ந்திராது.

ஃபிராய்டின் உளப்பகுப்பாய்வு, அடிமனத்தில் அமுக்கப்பட்ட முரண்பாடுகளைச் சுட்டியது. கிரீந்திரசேகர் போஸ் 1922இலேயே கல்கத்தாவில் அதற்கென ஒரு சங்கம் நிறுவினார். நடத்தையியலார் அச்சத்தைக் கற்றுக்கொண்ட பழக்கமாகக் கண்டனர். ஆரன் பெக், தன்னையும் உலகையும் எதிர்காலத்தையும் இருண்டதாகக் காணும் எண்ணப் பாங்கை மனச்சோர்வின் மையமாக்கினார். இன்று மரபு, மூளையின் இயக்கம், எண்ணம், வாழ்க்கைச் சூழல் ஆகிய அனைத்தும் ஒன்றையொன்று பாதிப்பதாகக் கொள்ளப்படுகிறது.

பொருளியல் மாணவருக்கு இவற்றுள் சூழலே சிறப்பாகக் கருதத்தக்கது. கடன், வேலையின்மை, வீட்டு வன்முறை ஆகியவை நோயைத் தூண்டுகின்றன. நோய் கூலியை இழக்கச் செய்து மீண்டும் கடனை வளர்க்கிறது. வறுமையும் மனநோயும் ஒன்றற்கொன்று காரணமும் விளைவுமாகி வட்டமிடுகின்றன.

சிகிச்சை

மருந்துச் சிகிச்சையின் வரலாற்றில் இந்தியாவுக்குப் பங்குண்டு. சர்ப்பகந்தி வேரின் பயனைக் கணநாத சென்னும் கார்த்திக் சந்திர போசும் 1931இல் மருத்துவ உலகின் கவனத்திற்குக் கொணர்ந்தனர். அதிலிருந்து ரிசர்பின் 1952இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதே ஆண்டில் பிரான்சில் குளோர்புரோமசின் மனநோய்க்குப் பயன்படலாயிற்று. லித்தியத்தின் பயன் 1949இலேயே ஆஸ்திரேலியாவில் கண்டறியப்பட்டிருந்தது. ரிசர்பின் பின்னர் பக்கவிளைவுகளால் வழக்கொழிந்தது. லித்தியம் இன்றும் பயன்படுகிறது. மின்னதிர்வு சிகிச்சையைத் தசைத் தளர்ச்சி மருந்தும் மயக்க மருந்தும் இன்றி அளிப்பதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது.

மருந்தோடு உறவினரின் துணையும் வேண்டும். 1950களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் வித்யாசாகர், வளாகத்தில் கூடாரங்கள் அமைத்து, நோயாளியுடன் குடும்பத்தாரையும் தங்கவைத்தார். நோயைப் பற்றி அறிந்த குடும்பம், நோயாளியை அஞ்சாமல் வீட்டிற்கு அழைத்துச் சென்றது.

மாவட்டமும் கிராமமும்

சிகிச்சை எட்டாத இடத்தில் சங்கிலி நுழைகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டனர். இன்று சங்கிலியிடுவது சட்டப்படி குற்றம். ஆனால் சட்டம் தடுக்கலாமேயன்றி, மாற்று வழியை நிருவாகமே அமைத்துத் தருதல் வேண்டும்.

அம்மாற்று வழிக்கு முன்மாதிரி உள்ளது. தேசிய மனநலத் திட்டம் 1982இல் தொடங்கப்பட்டது. 1980களின் பிற்பகுதியில் கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களும் ஊழியர்களும் குறுகிய காலப் பயிற்சி பெற்று, இன்றியமையாத சில மருந்துகளைக் கொண்டே சிகிச்சை அளித்தனர். இதன் அடிப்படையில் 1996இல் நான்கு மாவட்டங்களில் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கி, பின்னர் 700க்கும் மேற்பட்ட மாவட்டங்களுக்கு விரிந்தது. கோவாவில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகள் நடத்தினர். மூன்று மாதங்களில் கடும் மனச்சோர்வு நீங்கியோர் 64 சதவீதம். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோரில் இது 39 சதவீதம். 2022 அக்டோபர் 10 முதல் 14416 என்னும் எண்ணில் தொலைபேசி ஆலோசனையும் கிடைக்கிறது.

கூலித் தொழிலாளிக்கு மாத்திரையின் விலையினும், தொலைவிலுள்ள மருத்துவமனைக்குச் சென்றுவரும் செலவும் உடன் செல்பவர் இழக்கும் கூலியுமே பெருஞ்சுமை. ஆகவே மாவட்ட அதிகாரி கேட்க வேண்டிய வினாக்கள் எளியவை: ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இந்த மாதம் இருப்பில் உள்ளதா? மருத்துவர் மாறியபோது அடுத்தவர் பயிற்சி பெற்றாரா? சென்ற மாதம் வந்து இம்மாதம் வராத நோயாளியின் வீட்டிற்கு எவரேனும் சென்றனரா? இம்மூன்றிற்கும் ‘ஆம்’ என்னும் விடை கிடைக்கும் ஊரில்தான் வரையறையும் நோயறிதலும் விளக்கமும் நோயாளிக்குப் பயன்படும்.