நண்பனுக்குக் கொடுத்த வாக்கு

சிரஞ்சீவி மருமகனுக்கு மாமா ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

நேற்றிரவு நீ தொலைபேசியில் உன் அறைத் தோழன் உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணுகிறான் என்று சொன்னதைக் கேட்டபோது, அவனை ஒரு கணமும் தனியே விடாதே, இப்போதே விடுதிக் காப்பாளரை எழுப்பிச் சொல் என்பதற்கு மேல் எதையும் விரித்துரைக்க அவகாசம் இருக்கவில்லை. நீ அவ்விதமே செய்தாய் என்றும், அவனுடைய தகப்பனார் ஊரிலிருந்து புறப்பட்டுவிட்டார் என்றும் இன்று காலையில் அறிந்து நெஞ்சம் ஆறினேன். ஆயினும், "யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டானே மாமா, அவனுக்கு நான் துரோகம் செய்துவிட்டேனா?" என்று நீ தழுதழுத்த குரலில் கேட்டாயே, அந்த வினாவுக்கு ஆற அமர விடை எழுதுவது என் கடமை என்று தோன்றிற்று.

உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணுகிறவனுடைய சித்தம் ஒருமுகப்பட்டதன்று. இந்த வேதனை முடிந்தால் போதும் என்று ஒரு பாதி துடிக்க, எவரேனும் வந்து கையைப் பற்றமாட்டார்களா என்று மறுபாதி ஏங்கிக்கொண்டிருக்கும் என்பதே இத்துறையில் நெடுங்காலம் உழைத்த மருத்துவர்கள் கண்ட உண்மை. உன்னிடம் வாய் திறந்து சொன்னது வாழ விரும்பிய பாதி. சத்தியம் வாங்கிக்கொண்டது நாணமும் அச்சமும் பீடித்த பாதி. நீ முன்னதன் பக்கம் நின்றாய். அது துரோகமன்று, சிநேக தர்மம்.

ஆனால் இதில் ஒரு விவேகம் வேண்டும். அரியர் பாடங்களைப் பற்றியும் வீட்டுக் கடனைப் பற்றியும் அவன் உன்னிடம் அழுது சொன்னவை அவனுடைய உடைமை. அவற்றை விடுதியில் ஒருவரிடமும் பேசாதே. அவன் உயிருக்கு ஆபத்து என்னும் செய்தி ஒன்றுதான் ரகசியமாக இருக்கத் தகாதது. அதைச் சொன்னவன் நீதான் என்பதையும் மறைக்காதே; "நீ எனக்கு வேண்டியவன், அதனால் சொன்னேன்" என்று அவன் முகத்துக்கு நேரே சொல். இன்று கோபித்துக்கொள்வானாயின் கோபித்துக்கொள்ளட்டும். உயிரோடு இருக்கிறவனுடைய கோபத்தை ஆற்றுவதற்குக் காலம் இருக்கிறது.

"சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று அவனிடம் கேட்கலாமா, கேட்டால் நாமே அதை மனத்தில் விதைத்தவர்கள் ஆகமாட்டோமா?" என்றும் கேட்டாய். கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாக முளைப்பதில்லை; தனியே சுமந்துகொண்டிருந்ததை வாய்விட்டுச் சொல்ல ஒருவர் கிடைத்தார் என்ற ஆறுதலே பெரும்பாலும் உண்டாகிறது. சுற்றி வளைக்காமல், பதற்றமின்றி, பரிவோடு கேள். அவன் பேசும்போது குறுக்கிடாதே. "உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் எத்தனையோ பேர்" என்றும், "பெற்றவர்களை நினைத்துப் பார்த்தாயா" என்றும் நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் வார்த்தைகள், ஏற்கெனவே தன்னைக் குற்றவாளியாகக் கருதிக்கொண்டிருப்பவன் மேல் மேலும் ஒரு குற்றத்தைச் சுமத்துவனவாகும்.

செவி கொடுத்துக் கேட்பதை அற்பமாக எண்ணிவிடாதே. 1953ஆம் வருஷம் லண்டனில் சாட் வரா என்னும் பாதிரியார், உயிரை வெறுத்தவர்கள் தம்மை அழைப்பதற்கென்று தொலைபேசி ஒன்றை ஏற்பாடு செய்தபோது, நேரில் வந்து தம் முறைக்காகக் காத்திருந்தவர்களில் பலர் அங்கே உதவிக்கு வந்திருந்த சாதாரண மனிதர்களிடம் பேசியதிலேயே ஆறுதல் பெற்றதைக் கண்டார். சமாரிட்டன்ஸ் என்னும் சங்கம் அவ்வாறு உருவாயிற்று. நம் சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் நிறுவிய சினேகாவிலும் தொண்டர்களே செவிசாய்க்கிறார்கள். அதன் எண் 044-24640050. அரசாங்கத்தின் டெலி மானஸ் எண் 14416, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். இரண்டையும் அவனுக்குக் கொடு, நீயும் குறித்துவைத்துக்கொள்.

என்றாலும், கேட்பது மட்டும் போதாத இடமும் உண்டு. உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, எதிலும் நாட்டமின்மை என்று வாரக்கணக்கில் அவன் வாடியதாகச் சொன்னாயே, அவை மனச்சோர்வு நோயின் லக்ஷணங்களாக இருக்கக்கூடும். அது சிகிச்சையால் குணமாகும் வியாதி. ஆகையால் அவனை மனநல மருத்துவரிடம் இன்றே அழைத்துச் செல்லவேண்டும் என்று அவன் தகப்பனாரிடம் வணக்கமாகச் சொல். போலீஸ், வழக்கு என்று அவர் அஞ்சினால், துன்பத்தைப் பேசுவதும் சிகிச்சை பெறுவதும் ஒருநாளும் குற்றமாக இருந்ததில்லை என்று தெளிவுபடுத்து. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைத் தண்டிக்கத்தக்கவராகக் கருதிய காலம் ஒன்று இருந்தது. 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் அத்தகையவரைக் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகவே கருதச் சொல்லிற்று. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அவரைத் தண்டிக்கும் அந்தப் பழைய பிரிவே இல்லை.

அவனை ஊருக்கு அழைத்துச் செல்வதானால் இன்னொன்றையும் சொல். விவசாயக் குடும்பமாதலால் வீட்டில் பயிர்மருந்து இருக்கும். அதை வீட்டிலிருந்து அப்புறப்படுத்திப் பூட்டி, சாவியைப் பெரியவர் ஒருவர் வைத்துக்கொள்ளட்டும். காட்டுமன்னார்கோயில் வட்டாரத்துக் கிராமங்களில் இதற்கென்றே பொதுச் சேமிப்பிடம் கட்டி, குடும்பத்துக்கு ஒரு பெட்டகமாகப் பூட்டிவைக்கும் ஏற்பாட்டைச் செய்து பார்த்தார்கள். உயிரை வெறுக்கும் வேகம் பெரும்பாலும் பொங்கித் தணிவது; அந்த வேளையில் கைக்கெட்டும் தூரத்தில் ஆபத்து இல்லாதிருப்பதே பலரைப் பிழைக்க வைத்திருக்கிறது.

அரியரைப் பற்றி அவனுக்கு இப்போது உபதேசம் வேண்டாம். மனம் சற்றுத் தேறியபின், மறுதேர்வுக்கு வழி உண்டு என்பதையும், மேல்நிலைத் தேர்வில் தவறியவர்கள் ஒரு வருஷம் வீணாகாமல் அதே கோடையில் துணைத்தேர்வு எழுதிக் கல்லூரியில் சேர்கிறார்கள் என்பதையும் எடுத்துச் சொல்லலாம். அதைவிட முக்கியமானது, அமளி அடங்கி எல்லோரும் மறந்துபோன பிறகு நீ மறவாதிருப்பது. அவன் திரும்பி வரும்போது அவனை ஒரு விசித்திரப் பொருளாகப் பாராமல் பழையபடி சாப்பிடக் கூப்பிடு, விளையாடக் கூப்பிடு, வாரம் ஒருமுறையேனும், "மனசு எப்படி இருக்கிறது?" என்று கேள்.

கடைசியாக உன்னைப் பற்றி. ஒருவனுடைய உயிர் முழுமைக்கும் இன்னொருவன் தனியே பொறுப்பேற்க முடியாது. அதனால்தான் காப்பாளரையும் தகப்பனாரையும் மருத்துவரையும் இதில் சேர்த்தோம். இரவெல்லாம் விழித்திருந்த உனக்கும் உறக்கம் வேண்டும்; பயத்தை யாரிடமேனும் சொல்லி ஆறவும் வேண்டும். அவனுக்கு வைத்த நியாயமே உனக்கும்: மனத்தில் பாரம் ஏறினால் நேரம் பாராமல் என்னைக் கூப்பிடு. வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே வருகிறேன். அவன் சம்மதித்தால் அவனையும் பார்த்துவிட்டு வருவேன்.

என்றும் உன் நலம் நாடும்,
மாமா