கோட்டில் இல்லாத பெயர் புள்ளியில் இருக்கும்

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் வேலை செய்கிறேன். ஷிஃப்ட் முடிந்து திரும்பும்போது ஜூஜூவாடிப் பக்கத்துச் சந்துகளில் பைக்கில் சுற்றி, ஜி.பி.எஸ். பதிவு எடுத்து, யாரும் திருத்தக்கூடிய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றுவது என் வழக்கம். நான் போட்ட ஒரு தெருவின் பாதி இப்போது வேறொருவர் பெயரில் இருக்கிறது. அது யாருக்குச் சொந்தம்? நான்தான் வரைந்தேன் என்று எப்படிக் காட்டுவது?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: மனம் தளர வேண்டாம், உங்கள் உழைப்பு அங்கேயேதான் இருக்கிறது. யாரோ அந்தத் தெருவை வெட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். தெருவில் பாதி மட்டும் ஒருவழியானாலோ, நடுவில் பாலம் வந்தாலோ, கோட்டை இரண்டாக வெட்டித்தான் அதைக் குறிக்க முடியும். வெட்டியதும் ஒரு துண்டுக்குப் பழைய எண்ணும் வரலாறும் போய்விடும். இன்னொன்று புது எண்ணோடு, முதல் பதிப்பாக, வெட்டியவர் பெயரில் பதிவாகும்.

கோட்டை விடுங்கள், அதன்மேல் இருக்கும் புள்ளிகளைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் தனி எண், தனி வரலாறு உண்டு. வளைவில் நீங்கள் வைத்த புள்ளியைப் பின்னால் யார் நகர்த்தியிருந்தாலும், முதல் பதிப்பில் உங்கள் பெயர்தான் இருக்கும். அடுத்து, புதுத் துண்டு எந்த சேஞ்ச்செட்டில், அதாவது ஒருவர் ஒன்றாக ஏற்றிய எந்தத் திருத்தத் தொகுப்பில், வந்தது என்று பாருங்கள். உங்கள் பழைய கோடும் அதே சேஞ்ச்செட்டில்தான் குட்டையாகியிருக்கும். இரண்டையும் சேர்த்து வைத்தால் நடந்தது புரிந்துவிடும்.

இந்தத் தேடலுக்கு ஒரு காலத்தில் பெரிய அவசியம் வந்தது. 2012இல் வரைபடத்தின் உரிமத்தை கிரியேட்டிவ் காமன்ஸிலிருந்து, திறந்த தரவுத்தள உரிமமான ஓ.டி.பி.எல்.லுக்கு மாற்றியபோது, சம்மதம் தராதவர்கள் வரைந்ததை ஒரு நிரலை ஓடவிட்டு நீக்கினார்கள். ஒரு ரோடு வரைபடத்தில் தங்குமா போகுமா என்பது, அதை யார் வரைந்தார் என்பதைப் பொறுத்தே இருந்தது.

சொந்தம் பற்றிக் கேட்டீர்கள். கணக்குத் தொடங்கும்போது ஒப்புக்கொண்ட விதிகளின்படி, உங்கள் பங்கில் உங்களுக்குள்ள உரிமை உங்களிடமே இருக்கிறது. அதைப் பயன்படுத்த ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அறக்கட்டளைக்குத் திரும்பப் பெற முடியாத அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். வரைபடத்தை எடுத்தாள்பவர் 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்' என்று மொத்தமாக நன்றி போட்டால் போதும். நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் வரைபடத்தைக் கலைப்படைப்பில் சேர்க்கிறது. ஆனால் உழைப்பும் செலவும் மட்டும் போதாது, கொஞ்சமாவது படைப்புத்திறன் வேண்டும் என்று ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் 2007இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜூஜூவாடியில் இப்படியொரு சந்து இருக்கிறது என்ற செய்தி யாருடைய சொத்தும் ஆகாது.

பெயரைவிட நீங்கள் பத்திரப்படுத்த வேண்டியது ஆதாரத்தை. உங்கள் மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் ஸ்கூட்டர் தயாரிக்கும் ஓலா எலக்ட்ரிக்குக்கு 2024 ஜூலையில் மேப்மைஇந்தியா நிறுவனம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. தன் தரவை நகலெடுத்து ஓலா மேப்ஸை உருவாக்கினார்கள் என்பது புகார். ஓலா அதை அடியோடு மறுத்தது. பிரிட்டனில் அரசு வரைபட அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடங்களை நகலெடுத்த விவகாரத்தில் அங்குள்ள வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ., 2001இல் 2 கோடி பவுண்டு கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. இந்த மாதிரித் தகராறுகளில் முதல் கேள்வியே 'எங்கிருந்து எடுத்தாய்?' என்பதுதான்.

ஆகவே ஜி.பி.எஸ். பதிவை அழித்துவிடாதீர்கள். சேஞ்ச்செட்டில் 'நேரில் பார்த்தது' என்று மூலத்தை எழுதுங்கள். ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி போனால் பெயர்ப்பலகை கன்னடத்துக்கு மாறிவிடும். அந்தப் பலகையைப் படம் எடுத்து, அதைப் பார்த்துக் கன்னடப் பெயரை ஏற்றினால் யாரும் கேள்வி கேட்க முடியாது. அதே பெயரை கூகுள் மேப்பைப் பார்த்து எழுதினால், நீங்கள் குடியிருக்கும் தெருவே ஆனாலும், அதை நீக்கிவிடுவார்கள். நீக்குவதுதான் சரி.

வெட்டியவருக்கு அந்த சேஞ்ச்செட்டிலேயே ஒரு கருத்து எழுதிக் கேளுங்கள். அந்தப் பாதியில் லாரி நுழையாது என்பதை அவர் நேரில் பார்த்திருக்கலாம்.