பரிந்துரையில் ஊர்ப்பெயர் வராவிட்டால்

லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் ‘ஓமந்தூர்’ பரிந்துரையாக வந்து ‘மயிலம்’ மட்டும் வராவிட்டால், பெரும்பாலும் அது பழுதல்ல. சொல் நீள எல்லைதான் தடுக்கிறது. யூனிகோடில் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால் ஓமந்தூருக்கு 8, மயிலத்துக்கு எல்லையைவிடக் குறைவாக 6. தானியங்கித் திருத்த அமைப்பில் சொல் நிறைவுப் பகுதிக்குச் சென்று, குறைந்தபட்ச நீளத்தை 5 ஆக்கினால் போதும்.

‘கோலியனூர்’ இருமுறை தோன்றுவது சற்று வில்லங்கமானது. ‘கோ’வின் குறியை ஒன்றாகவும், இரட்டைக்கொம்பு, கால் என இரண்டாகவும் உள்ளிட முடியும் என்பதால், கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு சொற்கள். ஆவணத்தில் அந்தப் பெயரை ஒரே விசைப்பலகையில் மீண்டும் அடித்து, சேகரித்த சொற்பட்டியலிலும் பழையதை நீக்க வேண்டும்.

எழுத்துக்குப் பதில் வெறும் கட்டம் தெரிந்தால்தான் எழுத்துருவைச் சந்தேகிக்கலாம். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோடு எழுத்துருவை நிறுவிப் பார்க்கலாம்.