நத்தாருக்கு வீடா, விடுதியா?



சென்ற ஆண்டு மார்கழி மாதத் தொடக்கத்தில் ஒரு நாட்காலை, திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்றவேளை, எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு தாயார் தயங்கித் தயங்கி வந்தார். "சுவாமி, நத்தாருக்கு வீட்டில நில்லாமல் ஹோட்டலில போய் நிண்டால் பாவமோ?" என்று கேட்டார். ஒரு மகன் கனடாவிலும் மற்றவர் பிரான்சிலும் இருக்கிறார்கள். இருவரும் குடும்பமாக வருகிறார்கள். மார்கழி 23 முதல் 27 வரை பாசிக்குடாவில் ஓர் உல்லாச விடுதியில் எல்லோருக்கும் அறை பதிவு செய்து, முற்பணமும் கட்டிவிட்டார்கள்.

"பூசையைத் தவற விடாவிட்டால் பாவமில்லை, அம்மா" என்றேன். அவர் நிம்மதியோடு போய்விட்டார். எனக்கோ அந்த நிம்மதி கிடைக்கவில்லை. ஒரு பெரிய கேள்விக்குச் சிறிய விடை சொல்லி அனுப்பிவிட்டேனே என்ற உறுத்தல். நத்தார் விடுமுறையை விடுதிகளிற் கழிக்கும் வழக்கம் நம்மவரிடையே பரவிவரும் இந்நாளில், அந்த விடையின் மீதியை இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

முதலிற் சட்டத்தைப் பார்ப்போம், அது இலகுவானது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 1246, 1247ஆம் சட்டங்களில் கிறீஸ்து பிறப்பு விழாவைக் கடன் திருநாளாக வைத்திருக்கிறது. அந்தக் கடனைச் சொந்தப் பங்கிலேதான் தீர்க்க வேண்டும் என்பதில்லை. கத்தோலிக்க வழிபாட்டு முறைப்படி எங்கே திருப்பலி நடந்தாலும், விழா நாளன்றோ அதற்கு முந்திய நாள் மாலையிலோ அதிற் பங்குகொண்டால் போதும் என்கிறது 1248ஆம் சட்டம். சிங்களத் திருப்பலியென்றால் செல்லாது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தாராளமாகச் செல்லும். நுவரெலியாவுக்குப் போகிறவர்களுக்குப் புனித சவேரியார் ஆலயம் இருக்கிறது. நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் போகிறவர்களுக்குத் திருகோணமலைப் பேராலயம் இருக்கிறது. வேறிடமென்றால் அறை பதியும் நாளிலேயே அவ்விடத்துப் பங்குத்தந்தையிடம் பூசை நேரத்தையும் கேட்டு வைப்பது நலம். நத்தார் சனிக்கிழமை வரும் ஆண்டுகளில் ஞாயிறுக் கடன் வேறு, நத்தார்க் கடன் வேறு என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

இடைஞ்சல் எங்கே வருகிறதென்றால், பல விடுதிகளில் 24ஆந் திகதி இரவு கட்டாய விருந்து வைக்கிறார்கள். நீங்கள் உண்டாலும் உண்ணாவிட்டாலும் அதற்குத் தனிக் கட்டணம். அதையொட்டி ஆடல் பாடல், பிள்ளைகளுக்குப் பரிசு, நத்தார் தாத்தாவின் வருகை. எல்லாம் நள்ளிரவுத் திருப்பலியின் நேரத்தை விழுங்கிவிடும். காசு கட்டியாயிற்றே என்று இருந்துவிடுகிறவர்களே அதிகம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடுதியார் என்னையே அழைத்தார்கள். விருந்தினர் வசதிக்காக விழா மண்டபத்திலேயே திருப்பலி வைத்துத் தரவேண்டுமாம். திருப்பலியைப் புனித இடத்திற் கொண்டாடுவதே முறை, தேவை வந்தால் தகுந்த வேறிடத்திற் கொண்டாடலாம் என்பது 932ஆம் சட்டம். கோயில் தூரம், முதியவர்களும் இருக்கிறார்கள் என்று ஆயரில்லத்தில் அனுமதி பெற்றுப் போனேன். நன்மை கொடுத்துக்கொண்டிருக்கும்போது முச்சக்கரவண்டியில் மணியடித்தபடி நத்தார் தாத்தா வந்து சேர்ந்தார். பிள்ளைகள் அத்தனை பேரும் எழுந்து ஓடிவிட்டார்கள். பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. அந்த வயதில் நானும் ஓடியிருப்பேன்.

சட்டம் அவ்வளவுதான். இனித் திருமறைநூலுக்கு வருவோம்.

லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில், குழந்தையை முன்னிட்டியிற் கிடத்தியதற்குக் காரணம் சொல்லும் ஏழாம் வசனத்தில், பழைய தமிழ் மொழிபெயர்ப்புகள் 'சத்திரம்' என்றும் புதியவை 'விடுதி' என்றும் ஒரு சொல்லைப் பயன்படுத்துகின்றன. ஆகவே நாம் சிறுவயது முதல் ஒரு நாடகத்தை மனதில் வைத்திருக்கிறோம்: பெத்லெகேமில் ஒரு விடுதி, வாசலில் ஈவிரக்கமற்ற ஒரு விடுதிக்காரர், இடமில்லையென்று சாத்தப்படும் கதவு. ஒளிவிழாக்களில் அந்த விடுதிக்காரர் வேடத்துக்கு எப்போதும் உரத்த குரலுள்ள பையனையே தெரிவு செய்வார்கள். நற்செய்தியிலோ விடுதிக்காரர் ஒருவரும் இல்லை.

மூலக் கிரேக்கத்தில் அவ்விடத்தில் உள்ள சொல் 'கத்தாலுமா'. இதே சொல் லூக்காவின் 22ஆம் அதிகாரத்தில் மறுபடியும் வருகிறது. பாஸ்கா விருந்துக்காக ஆண்டவர் ஒரு வீட்டுத் தலைவரிடம் கேட்டு வாங்கும் அறைக்கு அதே பெயர்தான். அங்கே அது ஒரு வீட்டிலுள்ள விருந்தினர் அறை. காசு கொடுத்துத் தங்கும் சத்திரத்துக்கு லூக்காவிடம் வேறு சொல் இருக்கிறது: நல்ல சமாரியர் காயம்பட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடத்தை அவர் 'பந்தொகேயோன்' என்கிறார். இந்த வேறுபாட்டைக் கண்டே விவிலிய அறிஞர் பலர், பெத்லெகேமில் நிறைந்து போயிருந்தது ஓர் உறவினர் வீட்டின் விருந்தினர் அறைதான் என்று கருதுகிறார்கள். அக்காலப் பலஸ்தீனத்து எளிய வீடுகளில் குடும்பத்தார் படுக்கும் மேட்டுக்குக் கீழே, அதே கூரையின்கீழ், இரவில் ஆடுமாடுகளைக் கட்டுவார்கள். முன்னிட்டியும் அங்கேயே இருக்கும். குழந்தை பிறந்தது ஒரு குகையில் என்ற மரபும் மிகப் பழையது. இரண்டாம் நூற்றாண்டில் புனித யுஸ்தீனே அதை எழுதியிருக்கிறார். குகையை ஒட்டிக் கட்டிய வீடுகளும் அங்கே உண்டு என்பதால் இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவேண்டியதில்லை. மத்தேயு நற்செய்தியிலோ ஞானிகள் போய்ச் சேருவது ஒரு வீட்டுக்கு.

நம்முடைய கேள்விக்கு இதனால் என்ன? சூசையப்பர் பெத்லெகேமுக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. அது அவருடைய முன்னோரின் ஊர். சொந்த ஊருக்கு வந்தும் தங்க அறை இல்லை. ஆனாலும் எவரோ ஒருவர் தம் வீட்டில், நெருக்கடியிலும், ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தார். முதல் நத்தாரின் கதை, விடுதியின் கல்நெஞ்சைவிட, ஆட்கள் நிறைந்த ஒரு வீடு ஒதுங்கி இடம் விட்ட கதையாகவே எனக்கு இப்போது படுகிறது. உறவினர் வந்தால் பிள்ளைகளை விறாந்தையிற் பாய்போட்டுப் படுக்க வைக்கும் நம்மூர் வீட்டுக்காரருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

திருக்குடும்பம் பயணத்தில் இருந்தது, ஆகவே நாமும் பயணம் போகலாமே என்று கேட்பீர்கள். போகலாம். வீட்டிலிருந்தால்தான் நத்தார் என்று நான் சொன்னால், என் சொந்தச் சிறுவயது என்னை மறுக்கும். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய இலட்சக்கணக்கானோரில் எங்கள் குடும்பமும் ஒன்று. அவ்வாண்டு நத்தார் எங்களுக்குத் தென்மராட்சியில் ஒரு பாடசாலை வகுப்பறையில். ஓர் அறையில் ஆறு குடும்பங்கள். மேசைகளை அடுக்கித் தடுப்புச் செய்திருந்தோம். அம்மா கோதுமை மாவைச் சீனியோடு பிசைந்து எதையோ பொரித்து, அறையிலிருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் எண்ணிக் கொடுத்தார். வலிகாமம் வடக்கு மக்களோ 1990இல் வெளியேறியவர்கள். அவர்களிற் பலர் இருபத்தைந்து நத்தார்களுக்கு மேல் சொந்த வீட்டைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வெளியே கொண்டாடிய அந்த நத்தார்களைக் குறைந்தவை என்று யார் சொல்லுவார்?

ஆனால் அன்று நாம் விட்டுப் போனது வீட்டைத்தான், ஆட்களை அல்ல. நடக்கமாட்டாத கிழவிகளைச் சைக்கிளில் இருத்தி உருட்டிக்கொண்டு போனவர்களை நான் கண்ணாற் கண்டேன். அந்தத் தாயாரிடம் நான் கேட்கத் தவறிய கேள்வி அதுதான்: வீட்டில் யார் நிற்கிறார்கள்?

அடுத்த வாரம் அவரைக் கண்டு கேட்டேன். அவருடைய தாயார், பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளுக்குப் பூட்டி, எண்பத்துமூன்று வயது. எங்கும் வரமாட்டேன் என்று நிற்கிறாராம். அயல்வீட்டுப் பிள்ளை ஒன்றை இரவுத் துணைக்கு ஒழுங்கு செய்திருக்கிறார்கள். "ஏன் வரமாட்டாவாம்?" என்றேன். தாயார் சற்று நேரம் பேசாமல் நின்றார். "கடல் எண்டபடியால், சுவாமி. தம்பி முல்லைத்தீவில போனவன்."

2004 மார்கழி 26. அன்று ஞாயிறு, திருக்குடும்பத் திருவிழா, பௌர்ணமி நாளும்கூட. நத்தார்ப் பலகாரம் தீராத வீடுகளைக் கடல் கொண்டுபோனது. பாசிக்குடாக் கரையும் அதில் தப்பவில்லை. எழுபதுகளில் வெள்ளைக்காரர் தேடி வந்த இடம், போரினாற் பாழாகி, சுனாமியால் அடிபட்டு, 2009க்குப் பின்னரே மறுபடி விடுதிகளைக் கண்டது. கனடாவிலும் பிரான்சிலும் பிறந்த பிள்ளைகளுக்கு அது ஆழங்குறைந்த, அலையில்லாத அழகான கடல். பூட்டிக்கு அப்படியல்ல.

இனி இந்தத் தாயாரின் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் அநியாயக்காரன். ஆண்கள் 'வீட்டு நத்தார்' என்று உருகிப் பேசுவோம். அந்த நத்தார் நடப்பது குசினியில். பயறு வறுத்து, மா இடித்து, பனங்காய் பிழிந்து, கேக் அடித்து, ஆட்டிறைச்சி காய்ச்சி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தட்டு நீட்டி, நள்ளிரவுப் பூசையில் நின்றபடியே தூங்கிவிழும் தாய்மாரைப் பீடத்திலிருந்து ஆண்டுதோறும் பார்க்கிறேன். நாற்பது வருடம் சமைத்த ஒருத்தி நாலு நாள் வேறொருவர் சமைத்ததை இருந்து உண்ண ஆசைப்படுவதில் என்ன பிழை? விடுதி வேண்டாம் என்று சொல்லும் மகனும் மருமகனும் முதலில் தேங்காய் துருவட்டும். இதை மனைவிமார் வெட்டி எடுத்துக் குசினியில் ஒட்டி வைத்தாலும் எனக்கு ஆட்சேபமில்லை.

அத்தோடு, ஒருவர் ஓய்ந்திருக்க இன்னொருவர் உழைக்கிறார். நம்முடைய பங்குகளின் இளைஞர் பலர் இன்று விடுதிகளிற் பரிமாறுகிறார்கள், பாத்திரம் கழுவுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி நாலு வருடமாக நத்தார்ப் பூசை காணவில்லை. அவர் மீது குற்றமில்லை, வேலை அப்படி. உணவுச்சாலை போன்ற தொழில்கள் சிலரை ஓய்வு நாளிலும் வேலை வாங்கும் என்பதை 1992இல் வெளிவந்த கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி ஏற்றுக்கொள்கிறது. ஆயினும் மற்றவர் ஆண்டவருடைய நாளை அனுசரிக்கத் தடையாகும் தேவையற்ற வேலையை அவர்மேற் சுமத்தாதிருக்கும்படி 2187ஆம் எண்ணில் எல்லோரையும் கேட்கிறது. விடுதியில் நிற்கிறவர்கள் முகாமையாளரிடம், "உங்கள் கத்தோலிக்கப் பணியாளரை எங்களோடு வானில் பூசைக்கு அனுப்புவீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம். ஒரு குடும்பம் கேட்டது; இருவரை அனுப்பினார்கள். விருந்து அரைமணி நேரம் பிந்தியது.

குடிலைப் பற்றியும் ஒரு சொல். புனித பிரான்சீஸ் அசிசியார் 1223இல் கிரெச்சியோவில் முன்னிட்டியை அமைத்தது வீட்டிலுமல்ல, கோயிலிலுமல்ல. மலைப்பக்கத்தில், வைக்கோலும் எருதும் கழுதையுமாக. திருத்தந்தை பிரான்சீஸ் 2019 மார்கழி முதலாந் திகதி அதே ஊரிலிருந்து குடிலைப் பற்றி ஒரு திருமுகம் எழுதினார். வீட்டிலும் தொழிலகத்திலும் மருத்துவமனையிலும் சிறையிலும் பொதுச் சதுக்கத்திலும் குடில் அமைக்கலாம் என்பது அவர் கருத்து. ஆகவே விடுதி அறையின் மேசையிலும் அமைக்கலாம். துணிப்பெட்டியில் நீச்சலுடைக்கு இடமிருந்தால் ஒரு சாண் பாலனுக்கும் இடமிருக்கும்.

இதை அந்தத் தாயாருக்கும் சொன்னேன். கடலைப் பற்றி நான் வேறு எதுவும் சொல்லவில்லை. முற்பணம் திரும்பக் கிடைக்கவில்லை. அவர்கள் 23ஆந் திகதி புறப்பட்டுப் போனார்கள். மூத்த மகன் மட்டும் 25 காலை தனியே திரும்பிவந்து 26 பூசைக்கும் தாய்வழிப் பாட்டியோடு நிற்பதாக ஏற்பாடு.

24ஆந் திகதி காலையில் நோயாளருக்கு நன்மை கொண்டு போகும் வழியில் பூட்டி வீட்டுக்கும் போனேன். விறாந்தையில் குடில் கட்டியிருந்தது. மாதாவும் சூசையப்பரும் இருந்தார்கள், முன்னிட்டி வெறுமையாக இருந்தது. நள்ளிரவிலேதானே பாலனை வைப்போம் என்று நினைத்து, "இரவைக்கு ஆர் அம்மா பாலனை வைக்கிறது?" என்று கேட்டேன்.

"பாலன் இஞ்ச இல்லை, சுவாமி. பிள்ளையள் கொண்டு போட்டினம். அங்க கொண்டுபோய் வைக்கட்டும் எண்டு நான்தான் குடுத்து விட்டனான்" என்றார். "இருபத்தேழு கொண்டு வருவினம். கடலுக்குள்ள கொண்டுபோக வேண்டாம் எண்டு சின்னவனிட்டச் சொல்லி விட்டனான்."