திருவையாறு: தண்ணீரைக் கேட்டு நாள் குறியுங்கள்

தஞ்சாவூருக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் திருவையாற்றுக்கு அரை நாள்தான் ஒதுக்குகிறார்கள். பெரிய கோயிலைப் பார்த்த கையோடு வடக்கே 13 கி.மீ. காரில் வந்து, ஐயாறப்பரை வணங்கி, தியாகராஜர் சமாதியில் சற்று நின்று, அசோகா அல்வாவைக் கட்டிக்கொண்டு கும்பகோணம் சாலையில் கிளம்பிவிடுகிறார்கள். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் அவர்கள் கோயிலைப் பார்த்தார்கள், ஊரைப் பார்க்கவில்லை. திருவையாறு உழவை நம்பி வாழும் ஊர். ஆற்றுத் தண்ணீர் பிரிந்து பிரிந்து வயலுக்கு வந்து நெல்லாகவும் வாழையாகவும் கரும்பாகவும் மாறுகிற ஏற்பாடுதான் அங்கே பார்க்க வேண்டியது. அது ஓரிடத்தில் நிற்பதில்லை. காலையில் ஒரு வேலை, மாலையில் ஒரு வேலை. ஆனியில் ஒரு கோலம், ஐப்பசியில் வேறொரு கோலம். ஆகவே குறைந்தது மூன்று இரவு தங்குங்கள். போகும் நாளையும் அலுவலக விடுமுறையைப் பார்த்து முடிவு செய்யாமல், தண்ணீரைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

முதலில் வழி. திருவையாற்றுக்கு ரயில் கிடையாது. தஞ்சாவூர் சந்திப்பில் இறங்கி நகரப் பேருந்து பிடிக்க வேண்டும். பேருந்துகள் அடிக்கடி உண்டு. சொந்த வாகனம் இருந்தாலும் முதல் தடவை பேருந்தில், சன்னலோரத்தில் உட்கார்ந்து போகும்படி சொல்வேன். அந்தக் குறுகிய சாலை வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளை வரிசையாகத் தாண்டுகிறது. ஐந்தும் வெவ்வேறு ஆறுகள் போலத் தோன்றும். உண்மையில் எல்லாமே காவிரித் தண்ணீர். கல்லணையில் கொள்ளிடமும் புது ஆறும் ஒதுங்கியபின் காவிரியும் வெண்ணாறும் கிழக்கே வருகின்றன. குடமுருட்டி காவிரியிலிருந்து திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் பிரிகிறது. வெட்டாறும் வடவாறும் வெண்ணாற்றிலிருந்து தென்பெரம்பூரில் பிரிகின்றன. ஒவ்வொரு பாலத்திலும் கீழே எட்டிப் பாருங்கள். ஒன்றில் கரை தொட்டு ஓடும்போது அடுத்ததில் பாதிதான் ஓடலாம். எந்த ஆற்றுக்கு எந்த வாரம் எவ்வளவு என்று கணக்குப் பார்த்துத்தான் விடுகிறார்கள். டெல்டாவின் வேளாண்மை மழையை மட்டும் பார்த்து நடப்பதில்லை, இந்தப் பங்கீட்டைப் பார்த்து நடக்கிறது என்பதை அந்த அரை மணி நேரப் பயணம் விளங்க வைத்துவிடும். ஆர்வம் மிகுந்தால் ஒரு நாளைக் கல்லணைக்கு ஒதுக்கலாம். காவிரிக் கரையோடு மேற்கே போகும் அந்தச் சாலை ஒரு பகல் பொழுதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளும்.

இனி நாள். மேட்டூர் அணையைப் பாசனத்துக்கு ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவது வழக்கம். ஆனால் அணையில் இருப்பு இருந்தால்தான் அந்தத் தேதி. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டு மாதம் முன்பின்னாக அமையும் விஷயம் இது. ஆகவே பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் நாளிதழில் மேட்டூர் நீர்மட்டத்தைப் பாருங்கள். நிரம்பினால் 120 அடி. திறந்த சில நாளில் தண்ணீர் கல்லணைக்கு வரும், அங்கிருந்து மதகு மதகாக இறங்கும். ஆனி, ஆடியில் போனால் நாற்றங்காலும் குறுவை நடவும் பார்க்கலாம். ஆடிப்பெருக்கன்று புஷ்ய மண்டபத் துறையில் பெண்கள் காவிரிக்குப் படைப்பதைப் பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. சம்பா பச்சை கண்ணுக்கு எட்டிய மட்டும் விரிந்திருக்கும், நடக்கிற பாதையெல்லாம் சேறாயிருக்கும். தையில் அறுவடை. அப்போது வயலைவிட நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசல் அதிகம் சொல்லும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை எடுக்க மாட்டார்கள் என்பதால், விளைந்த நெல்லைக் களத்திலும் சாலையோரத்திலும் கொட்டி, காலால் கிளறிக் காயவைத்து, மேகத்தைப் பார்த்து மூடி, மறுபடி திறந்து, முறை வருகிற வரைக்கும் காவல் இருக்கிறார்கள். ஒரு மழையில் ஒரு பருவத்து உழைப்பு முளைவிட்டுப் போகக்கூடும். சோற்றின் விலையைப் பற்றிப் பேசுகிற எவரும் ஒருமுறை பார்க்க வேண்டிய இடம் அது.

மாசியிலிருந்து வைகாசி வரை ஆற்றில் மணல்தான், அப்போது போய் என்ன பயன் என்று கேட்பார்கள். தண்ணீர் இல்லாத காலமும் வேளாண்மைக் காலம்தான். சம்பா அறுப்பதற்குச் சில நாள் முன்பே, வயலில் ஈரம் இருக்கும்போது, தெளித்துவிட்ட உளுந்தும் பயறும் அந்த ஈரத்தையும் பனியையும் குடித்தே விளைந்துவிடும். பிறகு வெறும் வயலில் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து ஆடு மேய்க்கும் கீதாரிகள் ஆட்டுக் கிடை போடுவார்கள். இரவெல்லாம் ஆடு படுத்த வயலுக்கு அடுத்த நடவின்போது உரச் செலவு குறையும். வயல்காரர் அதற்குக் கூலி கொடுப்பார். ஊர்த்திருவிழாவும் இந்தக் காலத்தில்தான். சித்திரையில் நடக்கும் ஏழூர்த் திருவிழாவில் ஐயாறப்பர் பல்லக்கு திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று ஆறு ஊர்களுக்கும் போய், அந்தந்த ஊர்ப் பல்லக்குகளையும் சேர்த்துக்கொண்டு திரும்புகிறது. ஆறுகளைத் தாண்டும்போது தண்ணீர் இல்லாத மணலில் இறங்கி நடக்கிறார்கள். அறுவடை முடிந்து கையில் நெல்லும், வேலையில் ஓய்வும், ஆற்றில் வழியும் ஒருங்கே கிடைக்கிற மாதம் வேறு இல்லை. இந்த விழாவுக்கு இந்த மாதம் அமைந்ததற்கு உழவின் நாட்காட்டியும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

மூன்று நாளுக்கும் உங்கள் பாதையாக இந்த ஏழூரையே வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. திருவையாற்றில் வளர்ந்த நந்திக்குக் கொள்ளிடத்தின் வடகரையில் திருமழபாடியில் கல்யாணம். அந்தக் கல்யாணத்துக்குச் சோற்றுத்துறையிலிருந்து சாப்பாடும், பழனத்திலிருந்து பழமும், பூந்துருத்தியிலிருந்து பூவும், நெய்த்தானம் என்கிற தில்லைஸ்தானத்திலிருந்து நெய்யும், வேதிகுடியிலிருந்து வேதியர்களும், கண்டியூரிலிருந்து நகையும் வந்தன என்பார்கள். சொல்பவரைப் பொறுத்து சிற்சில மாறும். பக்தியோடு கேட்பவர்கள் ஏழூர்ப் பல்லக்கை அதற்கு நன்றிசொல்லும் ஊர்வலமாகக் கருதட்டும். உழவு பார்க்கப் போகிறவருக்கு, இரண்டு மூன்று ஆறுகளுக்கு இடையே கிடக்கும் ஒரு சிறு வட்டாரம் தன் விளைச்சலைத் தானே எண்ணிச் சொன்னதாக அந்தக் கதை ஒலிக்கும். நெல், வாழை, பூ, மாடு எல்லாம் அதில் இருக்கின்றன. இந்தப் பார்வை வலிந்து பொருத்தியது என்று யாரும் மறுக்கலாம். மறுப்பவர்கள் சோழர் காலக் கல்வெட்டுகளைப் பார்க்க வேண்டும். கோயிலுக்கு விட்ட நிலத்துக்கு எல்லை எழுதும்போது, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இன்ன வதிக்குக் கிழக்கு, இத்தனையாம் கண்ணாறு, இத்தனையாம் சதுரம் என்றே எழுதியிருக்கிறார்கள். முதலாம் ராஜராஜனின் தேவி ஒலோகமாதேவி எடுப்பித்த வடகயிலாயம் ஐயாறப்பர் கோயில் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. அதன் சுவர் எழுத்துகளுக்கு முன் நிற்கும்போது இதை நினைவில் வையுங்கள். கோயிலும் வாய்க்காலும் இந்த வட்டாரத்தில் ஒரே கணக்கில் எழுதப்பட்டவை. ஒன்றை விட்டு மற்றொன்றைப் பார்த்தால் பாதிதான் பார்த்ததாகும்.

ஏழூரையும் சைக்கிளில் ஒரே நாளில் முடித்துவிட முடியும். முடிக்க வேண்டாம். வடகரையில் இருக்கும் திருப்பழனத்துக்கும் தில்லைஸ்தானத்துக்கும் ஒரு நாள், தென்பக்கத்து நான்கு ஊர்களுக்கு ஒரு நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஆற்றில் நீர் ஓடும் மாதங்களில் பல்லக்கு போகும் மணல்வழி இருக்காது. பாலத்தைக் கேட்டுக்கொண்டு சுற்றிப் போக வேண்டும். அந்தச் சுற்றில்தான் படுகை வாழைத் தோட்டங்களும், வழியில் தென்பட்டால் ஒரு கொடிக்காலும் கண்ணில் படும். அகத்தியை நிழலுக்கும் கொழுகொம்புக்குமாக நட்டு அதில் வெற்றிலையை ஏற்றியிருப்பார்கள். உள்ளே போக அனுமதி கேளுங்கள். கோயில்கள் உச்சிவேளைக்குமேல் சாத்திவிட்டு மாலை 4 மணி வாக்கில்தான் திறக்கும். வெயிலும் அப்போது கடுமை. ஆகவே விடிகாலையில் கிளம்பி, பதினொரு மணிக்குத் திரும்பி, சாப்பிட்டுப் படுத்து, நாலு மணிக்கு மறுபடி கிளம்புங்கள். வயலில் வேலை செய்கிறவர்களின் நாளும் ஏறக்குறைய இப்படித்தான்.

இந்த ஊரில் மூன்று நாள் அலுத்துப் போகாதா என்ற கேள்வி நியாயமானது. தியாகராஜர் ஆராதனை நடக்கும் ஐந்து நாளைத் தவிர இங்கே நிகழ்ச்சி என்று சொல்ல அதிகம் இல்லை. அந்த ஐந்து நாள், பெரும்பாலும் ஜனவரியில், தங்க இடம் கிடைக்காது, அமைதியும் கிடைக்காது. இசைக்காக வருபவர்கள் வரட்டும், நிதானப் பயணிகள் தவிர்க்கலாம். தங்கும் விடுதிகள் எளியவை. வசதி வேண்டுமானால் தஞ்சாவூரில் தங்கி நாள்தோறும் வந்து போகலாம், ஆனால் விடிகாலை உங்களுக்குக் கிடைக்காது. கடைத்தெரு அமைதியானதும் இல்லை. பேருந்து ஒலிப்பான் ஓயாது. அமைதி அங்கிருந்து பத்து நிமிட நடையில், ஆற்றங்கரையில் தொடங்குகிறது. அலுப்பைப் பற்றி ஒன்று சொல்லலாம். ஒரே வயலை இரண்டு நாள் தொடர்ந்து பார்க்காதவருக்கு வயல் வெறும் பச்சை. முதல் நாள் அண்டை வெட்டி வரப்புக்குச் சேறு பூசியதையும், மறுநாள் பரம்படித்ததையும், அதற்கடுத்த நாள் நாற்று முடிகளை விசிறியதையும் பார்த்தவருக்கு அதே வயல் ஒரு தொடர்கதை. மூன்று இரவு என்று வற்புறுத்துவதற்கு இதுதான் காரணம்.

இன்னும் கடுமையான மறுப்பு ஒன்று உண்டு: அடுத்தவர் வெயிலில் குனிந்து நாற்று நடுவதை நிழலில் நின்று ரசிப்பது என்ன பண்பு? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. நடவு வேலை அழகான காட்சியாக இருப்பது கரையில் நிற்பவருக்கு மட்டும்தான். குனிந்தபடி நாள்முழுக்க நிற்கும் பெண்களுக்கு அது இடுப்பு வலி. ஆட்கள் கிடைக்காமல் நடவு இயந்திரமும், அண்மை ஆண்டுகளில் மேற்கு வங்கத்திலிருந்து வரும் நடவு ஆட்களும் இங்கே வந்திருப்பதே அந்த வேலையின் சுமையைச் சொல்லும். ஆனால் பார்க்காமல் இருப்பதால் அந்தச் சுமை குறையாது. பார்க்காதவர்கள்தான் நெல்லுக்கு ஏன் விலை கேட்கிறார்கள் என்று வியக்கிறார்கள். எப்படிப் பார்க்கிறோம் என்பதில்தான் பண்பு இருக்கிறது. நடவு வரிசை நகரும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள், சாப்பாட்டு வேளையில் கரையேறி உட்காரும்போது போய், “எந்த ஊருங்கம்மா, என்ன ரகம் நடுறீங்க?” என்று கேளுங்கள், தாராளமாகப் பேசுவார்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். நெல் கிடக்கும் களத்தில் செருப்போடு ஏறாதீர்கள். புதிதாகச் சேறு பூசிய வரப்பில் கால் வைத்தால் சரிந்து தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும். ஓரமாகச் சுற்றிப் போங்கள். தண்ணீர் கட்டுகிறவர் மண்வெட்டியோடு நிற்கும் மடையில் விளையாட்டுக்குக்கூடக் கை வைக்காதீர்கள். இளநீர், வாழைப்பழம், கீரை, உளுந்து எதுவானாலும் விளைகிற ஊரிலேயே வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள்.

இப்படி எழுதி எழுதியே ஊரைக் கெடுத்துவிடுவீர்கள் என்றும் சொல்வார்கள். சுற்றுலாவால் மலை ஊர்களுக்கு நேர்ந்ததைப் பார்த்தவர்களின் அச்சம் அது. ஆயினும் திருவையாற்று வயல்களுக்கு வருகிற ஆபத்து மெதுவாக நடக்கும் பயணியிடமிருந்து வரவில்லை. 2020இல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டம் போட்டு அறிவித்தார்கள். அதற்குப் பிறகும், கண்டியூர்ப் பக்கம் புறவழிச்சாலைக்காக விளைந்து நின்ற வயலில் மண் கொட்டுவதை எதிர்த்து உழவர்கள் போராட வேண்டியிருந்தது. கோயிலிலிருந்து கோயிலுக்கு விரைந்து போகிறவர்களின் அவசரத்துக்குத்தான் அகலமான சாலை வேண்டும். தங்கி நடக்கிறவர்களுக்கு வரப்பும் ஆற்றங்கரைச் சாலையும் போதும்.

குளிக்கும் ஆசையைக் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள். படித்துறை உள்ள இடத்தில், உள்ளூர்க்காரர்கள் இறங்குகிற இடத்தில் மட்டும் இறங்குங்கள். மதகுகளுக்கும் தடுப்பணைகளுக்கும் அருகே சுழல் இருக்கும். மேலே தண்ணீர் கூடுதலாகத் திறந்தால் சற்று நேரத்தில் மட்டம் உயரும். கொள்ளிடத்தில் இறங்கவே வேண்டாம். ஆண்டுதோறும் உயிர்கள் போகின்றன. அறுவடைக் காலத்தில் வண்டி ஓட்டி வருபவர்கள் சாலையில் காயும் நெல்லைக் கண்டால் வேகத்தைக் குறைத்து ஒதுங்கிச் செல்லுங்கள்.

ஒரே ஒருமுறைதான் போக முடியும் என்றால் புரட்டாசியில் போங்கள். மேட்டூர் காலத்தில் திறந்த ஆண்டாக இருந்தால், ஒரு வயலில் குறுவை அறுப்பும் அடுத்த வயலில் நடவும் ஒரே நேரத்தில் நடக்கும். ஐந்து ஆற்றிலும் தண்ணீர் இருக்கும். பெருமழை இன்னும் தொடங்கியிராது.